இரு கரையில் ஒரு துருத்திப் பெட்டி

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகமவில் முதிய சிங்களப் பெரியவர் ஒருவரிடம் ஆர்மோனியத்தைக் காட்டினால், அவர் அதனைச் ‘சர்ப்பினாவ’ என்பார். நாம் ஆர்மோனியப் பெட்டி என்போம். பெயர் எதுவாயினும் பெட்டி ஒன்றே. கொழும்பு மருதானையில் 1911-இல் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் சிங்கள நூர்த்தி நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த நாளில் இப்பெட்டியே அரங்கின் உயிர்நாடியாக இருந்தது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டமைத்தவர் பம்பாயிலிருந்து வரவழைக்கப்பட்ட விஸ்வநாத் லௌஜி என்னும் வித்துவான். தமிழ் நாடகக் குழுக்களும் அதே பெட்டியைத் தோணியிலும் கப்பலிலும் ஏற்றிக்கொண்டு ஈழத்திற்கு வந்தன. களு கங்கை நீர்த்தேக்கத்திற்காகப் பழைய பல்லேகம நகரம் இடம்பெயர்க்கப்பட்டுவிட்டது. ஆயினும் சர்ப்பினாவ என்ற சொல் அங்குள்ளோர் நாவினின்றும் இடம்பெயரவில்லை.

இப்பெட்டிக்குத் தூரதேசத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார். தென்னமெரிக்காவின் ஆர்ஜென்டீனா நாட்டுத் தலைநகராகிய போனஸ் அயர்ஸில் வழங்கும் ‘பண்டோனியன்’ என்னும் வாத்தியமே அது. இரண்டிலும் துருத்தி காற்றை ஊத, உள்ளேயுள்ள உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவிற் பிறந்து அயல்நாடு சென்று, பிறந்தகத்தில் எய்தாத பெருமையைப் புகுந்தகத்தில் எய்தியவை. ஆர்மோனியத்துக்கு 1842-இல் பாரிசில் உரிமை பெற்றவர் தெபேன் என்பவர். அதனைக் கையால் துருத்தியடித்துத் தரையிலமர்ந்து வாசிக்குமாறு அமைத்த பெருமை கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷைச் சேரும். பண்டோனியனோ ஜெர்மானியராகிய ஹைன்ரிக் பாண்ட் என்பவரின் பெயரைத் தாங்கியது. ஆலயங்களிலே ஓர்கன் வாங்க வசதியற்ற எளிய மக்களுக்கு உதவிய அக்கருவி, குடியேறிகளின் மூட்டைகளோடு அத்திலாந்திக் கடலைக் கடந்து, துறைமுகச் சேரிகளிலும் மதுச்சாலைகளிலும் பிறந்த ‘டாங்கோ’ என்னும் ஆடலிசைக்குக் குரலாயிற்று. இழுக்கும்போது ஒரு சுரமும் அமுக்கும்போது வேறொரு சுரமும் தரும் பொத்தான்கள் அதில் எழுபதுக்கு மேல்! அதைக் கற்பதைவிட நம் மாணவர்கள் கணித பாடத்தில் தேறுவது எளிது.

டாங்கோவின் பொற்காலம் 1935 முதல் ஏறத்தாழ 1955 வரை என்பர். அக்காலத்தை எண்ணும்போதெல்லாம் எம் நினைவில் எழுவது அதற்குச் சற்று முன்னே நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஒரு பாடகரின் உருவமே. அவர் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்து, சிறுபராயத்திலேயே நாடகமேடை ஏறியவர். ஒலிபெருக்கியின் துணையின்றி, கொட்டகையின் கடைசி வரிசையில் மணலில் அமர்ந்திருந்தோரையும் உச்சஸ்தாயியால் ஆட்கொண்டவர். அவருடைய தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, கிட்டப்பா பாடுவார். பாடகர் எங்கு சென்றாலும் பெட்டி பின்தொடரும். அவர் மேலே நின்றால் அதுவும் மேலே நிற்கும்.

இதே கிட்டப்பா 1926-இல் கொழும்பிற்கு வந்தபோதுதான், கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளோடு இணைந்து மேடையேறினார். சுந்தராம்பாளோ 1908-இல் பிறந்து, வறுமையோடு போராடி, தம் குரலொன்றையே முதலாகக் கொண்டு முன்னேறியவர். கிட்டப்பாவுக்கு இவரால் ஈடுகொடுக்க முடியுமா என ஐயுற்றோர் இருந்தனர். மேடையில் இருவரும் வள்ளியும் முருகனுமாக நின்று பாடத் தொடங்கியதும் அந்த ஐயம் பறந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆயினும் 1927-இல் இருவரும் மணம் புரிந்தனர். அவ்வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா காலமானார். வயது இருபத்தேழு! அன்று வெள்ளுடை தரித்த சுந்தராம்பாள் 1980-இல் மறையும்வரை அதனை மாற்றவில்லை. எந்த ஆடவரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்பதும் அவர் பூண்ட விரதம். ‘நந்தனார்’ படத்தில் (1935) அவர் ஆண்வேடமாகிய நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் என்ற செய்தி அந்நாளில் நாட்டையே வாய்பிளக்கச் செய்தது.

கிட்டப்பா மறைந்து ஒன்றரை ஆண்டு கழிந்தது. 1935 ஜூன் 24 அன்று கொலம்பியா நாட்டின் மெதெயின் நகரில் விமான விபத்து ஒன்று நேர்ந்தது. அதில் மாண்டவர் டாங்கோவின் மாபெரும் பாடகர் கார்லோஸ் கார்தெல். 1917-இல் அவர் பாடிய பாட்டொன்றே டாங்கோவை வெறும் ஆடலிசை என்ற நிலையிலிருந்து உள்ளத்துயரைச் சொல்லும் பாடலாக உயர்த்தியது. போனஸ் அயர்ஸ் நகரம் அவருக்காக அழுதது. இங்கே ஒரு சிறு செய்தி. அதே ஆண்டு நியூயோர்க்கில் கார்தெல் நடித்த படமொன்றில் பத்திரிகை விற்கும் சிறுவனாகத் தோன்றியவன் ஒரு பண்டோனியன் பையன். தம் பயணத்தில் உடன்வருமாறு கார்தெல் அழைத்தார். “சிறுவன், வேண்டாம்” என்று தந்தை மறுத்துவிட்டார். அம்மறுப்பினால் உயிர்பிழைத்தவனே பின்னாளில் உலகறிந்த அஸ்தோர் பியஸ்ஸோல்லா. தந்தையர் மறுப்பதெல்லாம் தவறன்று போலும்!

இரு நாட்டு வழக்கிலும் ஒரு வேற்றுமை உண்டு, அது சுவையானது. நம் மேடையில் பாடகரே அரசர், பெட்டிக்காரர் அடியவர். போனஸ் அயர்ஸிலோ நேர்மாறு. இசைக்குழுத் தலைவரின் பெயரால்தான் இசைத்தட்டு விற்பனையாகும். பாடகர் இடையில் எழுந்து, பல்லவியை மட்டும் பாடிவிட்டு அமர்ந்துவிடுவார். ஹுவான் தாரியென்சோ 1935-இல் துடிப்பான தாளக்கட்டால் ஆடுவோரையெல்லாம் களத்திற்கு இழுத்தபோது இவ்வழக்கமே நிலவியது. இதனை மாற்றியவர்களுள் தலையாயவர், பண்டோனியனை மடியில் வைத்துக் கண்மூடி வாசித்த அனிபால் த்ரோய்லோ. 1937-இல் குழு அமைத்த அவர் பாடகர் பியோரென்டினோவுக்குப் பாட்டு முழுவதையும் கொடுத்தார். தம் வாத்தியத்தையும் அவர் குரலையும் சரிசமமாக உரையாட விட்டார். பெட்டியும் பாட்டும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ்ந்த அந்த ஆண்டுகளே பொற்காலத்தின் உச்சம் என்பது எம் கருத்து.

பியானோ மேதை ஒஸ்வால்டோ புக்லியேசேயின் கதை வேறு. அவர் பொதுவுடைமைவாதி. குழுவின் வருமானத்தைக் கலைஞரனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டுறவு முறையை 1939 முதல் நடத்தினார். அரசியல் காரணமாக அவர் சிறைப்பட்ட நாட்களில், அவரின்றியே குழு மேடையேறும். ஆளில்லாத பியானோவின் மீது ஒரு சிவப்புக் கார்னேஷன் மலர் வைக்கப்பட்டிருக்கும். அவையோர் அம்மலரைப் பார்த்தே தலைவர் எங்கிருக்கிறார் என்பதை அறிந்துகொள்வர்.

அதிகாரத்தில் இருந்தோர் அனைவருக்கும் இவ்விசை உவப்பாக இருந்ததில்லை. 1943-இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத்தார், டாங்கோ பாடல்களில் வழங்கும் தெருமொழி நாகரிகமற்றது என்று கூறி வானொலியில் அதனைத் தடுத்தனர். பல பாடல்களின் சொற்கள் திருத்தப்பட்டன. சிலவற்றின் தலைப்பும் மாறிற்று. நம் பக்கம் மட்டும் என்ன? மூன்றாண்டுகட்கு முன்னரே, 1940-இல், அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கிவிட்டது. கமகம் அதில் எழாது, சுரத்திலிருந்து சுரத்திற்கு வழுக்கிச் செல்ல வழியில்லை, ஆகவே இந்திய இசைக்கு அது பகை என்பது வாதம். தாகூரும் அதனை வெறுத்தவர். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஒரு தோடியை ஆர்மோனியத்தில் வாசிக்கக் கேட்டவர்கள் அதை ஒப்புவர். ஆனால் கிட்டப்பா பாடியபோது அந்தப் பெட்டிதான் அவர் மூச்சு வாங்கும் இடைவெளியை நிரப்பியது! கமகம் வேண்டுமிடத்தில் குரல் கொடுத்தது. சுருதி வேண்டுமிடத்தில் பெட்டி கொடுத்தது. கச்சேரி மண்டபத்து அளவுகோலைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து தீர்ப்பளித்தது நேர்மையா என்று கேட்கத் தோன்றுகிறது. தடை 1971-இல்தான் சில நிபந்தனைகளோடு தளர்ந்தது. இடைப்பட்ட முப்பத்தோராண்டில் ஒரு தலைமுறை ஆர்மோனிய வித்துவான்கள் வானொலியின் வாசலுக்கு வெளியே நின்றனர்.

1952-இல் அதே வானொலி சினிமாப் பாடல்களையும் குறைத்தபோது, இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியதை யாவரும் அறிவர். தடுக்கப்பட்ட இசைக்கு ஈழம் அவ்வாறு இடங்கொடுத்தது. தேயிலைத் தோட்டங்களின் பஜனை மடங்களிலோ ஆர்மோனியம் எந்தத் தடையையும் பொருட்படுத்தவேயில்லை.

காலம் மாறியது. 1955-க்குப்பின் ரொக் இசை வந்தது; பெரிய டாங்கோக் குழுக்கள் கலைந்தன. அவ்வாத்தியத்தைச் செய்த ஜெர்மனியின் கார்ல்ஸ்பெல்ட் ஊர்ப் பட்டறையிலும் பண்டோனியன் உற்பத்தி நின்றுபோயிற்று. புக்லியேசே மட்டும் 1985-இல், தம் எண்பதாம் வயதில், மேட்டுக்குடியினரின் இசைக்கோயிலாகிய கொலோன் அரங்கின் மேடையில் தம் குழுவோடு அமர்ந்தார். த்ரோய்லோ பிறந்த ஜூலை 11-ஆம் நாளை ஆர்ஜென்டீனா 2005-இல் பண்டோனியன் தினமாக்கியது. பழைய பண்டோனியன்கள் நாட்டைவிட்டு வெளியே விலைபோகாதிருக்க 2009-இல் ஒரு சட்டமும் இயற்றிற்று.

நம் ஊர்களில் பழைய ஆர்மோனியங்கள் பரணில் கிடக்கின்றன. துருத்தித் தோல் கிழிந்திருக்கும். ஒன்றிரண்டு கட்டைகள் இராது. ஆயினும் வெள்ளைக் கட்டையொன்றை அழுத்தி, கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு துருத்தியை அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சுருதி வரும்.