அடையாளம் தெரியாத ஓட்டுநரால் நேரும் மகிழுந்துச் சேதம்

அடையாளம் தெரியாத ஓட்டுநரால் நேரும் மகிழுந்துச் சேதம் என்பது, நிறுத்தி வைக்கப்பட்ட மகிழுந்தின் (கார்) மீது வேறொரு வாகனம் மோதி, அதன் ஓட்டுநர் தம்மைப் பற்றிய விவரம் எதையும் தராமல் சென்றுவிடுவதால் உண்டாகும் பொருளிழப்பைக் குறிக்கும். பம்பர் நசுங்குதல், கதவில் கீறல் விழுதல், பக்கக் கண்ணாடி உடைதல் ஆகியன இவ்வகைச் சேதங்களாகும். மோதியவரைக் கண்டறிய இயலாதபோது, இந்தியாவில் இவ்விழப்பு பெரும்பாலும் உரிமையாளரையே சேர்கிறது. இக்கட்டுரை இந்தியச் சட்டத்தையும் காப்பீட்டு நடைமுறையையும் விளக்குகிறது.

சட்ட நிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவு, பிறருக்குக் காயமோ பிறர் பொருளுக்குச் சேதமோ விளைவித்த ஓட்டுநரின் கடமைகளைக் கூறுகிறது. நிகழிடத்தில் காவலர் இல்லையெனில், இயன்ற விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்திற்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் அவர் தெரிவிக்க வேண்டும். தவறினால் 187-ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இது ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் ஆகும்.

இச்சட்டத்தின் 161-ஆம் பிரிவு, மோதிவிட்டுத் தப்பிய வாகனம் எதுவெனத் தெரியாத விபத்துகளுக்கு இழப்பீடு வழங்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. பொருட்சேதத்திற்கு இப்பிரிவில் இடமில்லை.

உடனே செய்ய வேண்டியவை

* வாகனத்தை நகர்த்துமுன் சேதத்தையும் சுற்றுப்புறத்தையும் ஒளிப்படம் எடுத்தல். ஒட்டியுள்ள வேற்றுநிறப் பூச்சு, விழுந்து கிடக்கும் விளக்குத் துண்டுகள் ஆகியவற்றையும் பதிவு செய்தல் நன்று.
* காவலாளி, கடைக்காரர் போன்றோரிடம் விசாரித்து, பதிவெண், நிறம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.
* கண்காணிப்பு ஒளிப்படக்கருவி உள்ள இடங்களில் பதிவைப் பாதுகாக்குமாறு விரைவில் கேட்டல். பழைய பதிவுகள் மீது புதியவை பதிவாகி அழிந்துவிடும்.
* காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெறுதல்.
* காப்பீடு கோரும் எண்ணம் இருப்பின், நிறுவனத்திற்கு உடன் தெரிவித்தல். அவர்கள் பார்வையிடுமுன் பழுது நீக்கக் கூடாது.

பதிவெண் கிடைத்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஓட்டியவர் யார் எனக் காவல்துறை கேட்கும்போது, வாகன உரிமையாளர் அதைத் தெரிவிக்க 133-ஆம் பிரிவு கடமைப்படுத்துகிறது. மோதிய வாகனத்தின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாகப் பொருட்சேதத்திற்கும் இழப்பீடு கோரலாம்.

காப்பீட்டின் பங்கு

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்பீடு, பிறருக்கு நேரும் இழப்பை மட்டுமே ஈடுசெய்யும். தம் வாகனத்தின் சேதத்திற்குச் சுயசேதக் காப்பீடு அல்லது இரண்டும் அடங்கிய முழுமைக் காப்பீடு தேவை. சுயசேதக் காப்பீட்டைத் தனியாக எடுக்கும் வசதி 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

கோரும் தொகை முழுவதும் கிடைப்பதில்லை. 1,500 கன செ.மீ. வரை திறனுள்ள தனியார் மகிழுந்துக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவாகும். நெகிழி, இரப்பர் உறுப்புகளுக்கு 50% தேய்மானம் கழிக்கப்படும். கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. கூடுதல் கட்டணம் செலுத்தித் தேய்மானமில்லாக் காப்பீடு பெற்றவர்களுக்கு இக்கழிவு பொருந்தாது.

கோருவதா, விடுவதா?

ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராதவருக்கு, சுயசேதக் கட்டணத்தில் தள்ளுபடி (நோ கிளைம் போனஸ்) கிடைக்கிறது. இது ஆண்டுதோறும் 20%, 25%, 35%, 45%, 50% என உயரும். ஒருமுறை கோரினாலும் அடுத்த புதுப்பிப்பில் தள்ளுபடி முற்றிலும் நீங்கும். சேதத்திற்குப் பிறரே காரணமாயினும் இவ்விதி மாறாது.

எடுத்துக்காட்டாக, தள்ளுபடிக்கு முந்தைய சுயசேதக் கட்டணம் மாறாமல் 8,000 ரூபாய் எனக் கொள்வோம். 50% தள்ளுபடி பெறுபவர் 4,000 ரூபாய் செலுத்துகிறார். கோரியபின் வரும் ஐந்து ஆண்டுகளில் அவர் முறையே 8,000, 6,400, 6,000, 5,200, 4,400 ரூபாய் செலுத்த நேரும். அதாவது மொத்தத்தில் 10,000 ரூபாய் கூடுதல் செலவு. பழுதுச் செலவு 6,000 ரூபாய் எனில், கட்டாயக் கழிவுக்குப் பின் 5,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது. ஆகவே இங்கு கோராமல் இருப்பதே ஆதாயம். மாறாக, தள்ளுபடி இன்னும் சேராத புதிய வாகனத்திற்கும், தள்ளுபடிப் பாதுகாப்பு எடுத்தவருக்கும், பெருஞ்சேதத்திற்கும் கோருவது பயன் தரலாம்.

தாமே இடித்துக்கொண்டதைப் பிறர் மோதியதாகக் கூறுவதால் ஆதாயம் ஏதுமில்லை. தற்செயலாகத் தாமே விளைவித்த சேதத்தையும் சுயசேதக் காப்பீடு ஏற்கிறது. பொய்யான கூற்றோ கோரிக்கை மறுக்கப்படக் காரணமாகும்.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் 1988-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு, ஓட்டுநர் நின்று பெயரும் முகவரியும் தர வேண்டும் என்கிறது. இயலாவிடில் 24 மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். செருமனியில் குற்றவியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்படி, விபத்து நிகழ்ந்த இடத்தைவிட்டு விலகுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். கண்ணாடியில் சீட்டு ஒன்றைச் செருகிவிட்டு உடனே செல்வது அங்கு போதுமானதாகக் கருதப்படுவதில்லை. உரிய நேரம் காத்திருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* வாகனக் காப்பீடு
* சாலை விபத்து