ஷீட் பறப்பது ஏன்?

கூரை போட ஷீட் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் விசாரிப்பது கனத்தைத்தான். 0.45 மி.மீ. போதுமா, 0.5 எடுக்கலாமா என்று பேரம் நீளும். எந்த ஸ்க்ரூ, எத்தனை ஸ்க்ரூ என்பதை ஃபிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். கவலைப்பட வேண்டிய வரிசை இதற்கு நேர் எதிரானது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலில் காற்று மணிக்கு 120 கி.மீ. வரை வீசியது. அந்த வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். ஆனால் சரிவு குறைந்த கூரையைக் காற்று கீழே அழுத்துவதில்லை. அதன் மேல் விரைந்து ஓடி, மேல்நோக்கி உறிஞ்சுகிறது. நடுப்பகுதியில் இந்த இழுப்பு சற்றுக் குறையும். ஓரத்திலும் மூலையிலும் அந்த 68 கிலோவையே மிஞ்சிவிடும். பாதி என்று வைத்தாலும் 34 கிலோ. ஷீட்டின் சொந்த எடையோ அதே பரப்புக்கு நாலைந்து கிலோ. கனமான ரகம் வாங்கினால் இதில் கூடுவது அரைக் கிலோ, அவ்வளவுதான். மிச்ச இழுப்பைத் தாங்க வேண்டியது ஸ்க்ரூதான்.

தகட்டை அலை அலையாக மடிக்கும் யோசனைக்கு லண்டனில் ஹென்றி ராபின்சன் பால்மர் காப்புரிமை பெற்றது 1829இல். மடிப்பு வந்ததும் மெல்லிய தகடு அலையின் நீளவாக்கில் விறைத்துக்கொள்கிறது; குறுக்குவாக்கில் பழையபடி வளையும். அதனால்தான் ஷீட்டைத் தாங்கும் பர்லின் கம்பிகளை அலைக்குக் குறுக்கே வைக்கிறோம். தண்ணீர் பள்ளத்தில் ஓடுவதால் ஸ்க்ரூவை மேட்டில் அடிப்பதே வழக்கம். சிக்கலும் அங்கேதான். மேட்டுக்கு அடியில் தாங்கல் கிடையாது, வெற்றிடம். ஒவ்வொரு வீச்சுக்கும் தகடு ஸ்க்ரூவின் தலையைச் சுற்றி மேலே எழும்பிக் கீழே இறங்கும். 1974 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைப் புயல் துவைத்தெடுத்த பிறகு பொறியாளர்கள் கண்டது இதைத்தான். நிலையான சுமையை வைத்துச் சோதித்துத் தேறிய கூரைகள், இரவு முழுக்க மாறி மாறி வந்த இழுப்பில் ஸ்க்ரூவைச் சுற்றி வெடிப்பு விட்டிருந்தன. வெடிப்பு பெரிதானதும் ஸ்க்ரூ மரத்திலேயே நிற்க, ஷீட் மட்டும் கழன்று பறந்தது. அகலமான வாஷர் போட்டு இழுப்பைப் பரப்புவதும், ஓர வரிசைகளில் ஸ்க்ரூவை நெருக்குவதும் இதற்கான மருந்து. இரண்டுமே ஷீட் விலையோடு ஒப்பிட்டால் சில்லறைச் செலவு.

பழைய கூரையை மாற்றும்போது ஆபத்து இன்னும் மறைவாக இருக்கிறது. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ கனக்கும். அந்தப் பாரமே கைமரத்தைச் சுவரின் மேல் உட்கார வைத்திருந்தது. ஓட்டின் இடுக்குகள் வழியாகக் காற்றும் ஓரளவு கசிந்து மேல், கீழ் அழுத்த வித்தியாசத்தைக் குறைத்தது. ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போட்டால் பாரமும் போயிற்று, இடுக்கும் அடைபட்டது. ஸ்க்ரூ எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் கைமரம் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டப்படாவிட்டால் கூரை மரத்தோடு சேர்ந்தே கிளம்பும். மொட்டை மாடி ஷெட்டின் கதை வேறு: பக்கங்கள் திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து கீழிருந்து தள்ளும், மேலிருந்தும் இழுக்கும்; இரண்டும் ஒரே திசையில் கூடுகின்றன. பழைய ஷீட்டின் மேலேயே புது ஷீட்டை விரித்து, ஸ்க்ரூவைப் பழையதோடு நிறுத்திவிடுவது சுத்த ஏமாற்று. ஸ்க்ரூ பர்லினைக் கடித்திருக்க வேண்டும்.

ஸ்க்ரூவைக் கூட்டினால் ஓட்டையும் கூடும், ஒழுகுமே என்பார்கள். நியாயமான பயம். ஆனால் ஒழுகுவது பெரும்பாலும் எண்ணிக்கையால் அல்ல, முறுக்கால். வேகமாகச் சுழலும் டிரில்லை விடாமல் அழுத்தினால் ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழியும், மேடு நசுங்கிக் குழியாகும், குழியில் தண்ணீர் நிற்கும். வாஷர் லேசாகப் பரவியதும் கையை எடுத்துவிட வேண்டும். மேலே கல்லும் டயரும் வைத்தால் போதாதா என்றால், மேலே சொன்ன கணக்குப்படி சதுர மீட்டருக்கு முப்பது கிலோவாவது ஏற்ற வேண்டும். மெல்லிய கம்பிகள் அதைத் தாங்காது, பறக்கும் கல்லோ ஷீட்டைவிட மோசம். உள்மாவட்டத்தில் புயல் ஏது என்ற சமாதானமும் நிற்காது. சித்திரை, வைகாசியில் இடிமழைக்கு முன் வரும் சூறைக்காற்று சில நிமிடம்தான் வீசும். தளர்ந்த ஓர ஷீட்டுக்கு அது போதும். ஒரு மூலை எழும்பினால் காற்று அடியில் புகுந்து அடுத்தடுத்த ஷீட்டையும் உரித்துக்கொண்டே போகும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு மட்டும் ஸ்க்ரூவைக் கூட்டும் யோசனையை அப்படியே பின்பற்றக் கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. துளை போடும்போது பறக்கும் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கிறது. நொறுங்கும் தன்மை உள்ள ஷீட்டில் கூடுதல் துளை விரிசலுக்கும் வழி. அதை விட்டுவைப்பதானால், கீழ் ஓரத்தை ஒட்டி நீளவாக்கில் ஒரு தட்டை இரும்புப் பட்டையை வைத்து, ஏற்கெனவே உள்ள, கொக்கிபோல் வளைந்த ஜே போல்ட்டுகளாலேயே இறுக்கலாம்.