கொரியாவிலிருந்து வந்த கோரை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் காபி டம்ளரோடு, சொந்தப் புல்வெளியில் வெறுங்காலோடு நாலு நடை நடக்க வேண்டும். ஒரு மனுஷனுக்கு இந்த ஆசைகூட இருக்கக்கூடாதா, சொல்லுங்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும். கேட்டுக்கு வெளியே லாரிப் புழுதி. உள்ளே, ஜி.எம். ரூம் ஜன்னலுக்குக் கீழே மட்டும் பச்சைப்பசேலென்று கொரியன் கிராஸ்! பதினாறு வருஷம் அதைப் பார்த்து ஏங்கியவன் நான். லோன் போட்டு வீடு கட்டியதும் முன்பக்கம் 20-க்கு 30, ஆக 600 சதுர அடி மிச்சமானது. விடுவேனா?

2023 ஆவணியில் ஆள் வந்தார். பச்சைக் கலர் விசிட்டிங் கார்டு, கூலிங் கிளாஸ். "நான் தோட்டக்காரன் இல்ல சார், லேண்ட்ஸ்கேப்பிங் கன்சல்டன்ட்" என்றார். மொபைலில் தான் செய்த வேலைகளின் போட்டோ காட்டினார். அசந்து போனேன். அதில் ஒன்று ஊட்டி பொட்டானிகல் கார்டன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கொட்டேஷன் 45 ஆயிரம். வாயாலேயே சொன்னார், காதாலேயே வாங்கிக்கொண்டேன். பேப்பர் கிடையாது. அட்வான்ஸ் 30 ஆயிரம். கையிலிருந்த பணம் நைனாவின் கண் ஆபரேஷனுக்காக எடுத்து வைத்தது. இரண்டு கண்ணிலும் புரை. "பொங்கலுக்கு அப்புறம் பாத்துக்கலாம்டா, எனக்கு இன்னா அவசரம்" என்றார் நைனா. ஊத்துக்கோட்டை பக்கம் நாற்பது வருஷம் நெல் பயிரிட்டவர். புல் விஷயத்தில் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூலிங் கிளாஸ் போட்டவர் சொன்னால்தானே நமக்கு வேதவாக்கு!

"மூணு நாள்ல கார்ப்பெட் விரிச்ச மாதிரி ஆயிடும் சார். கீழ அரை அடிக்கு செம்மண், மேல புல்லு. மாசத்துக்கு ஒருவாட்டி வந்து நானே கட் பண்ணித் தருவேன்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 சதுர அடிக்கு அரை அடி மண் என்றால் 300 கன அடி, அதாவது மூணு யூனிட். வந்தது ஒரே ஒரு யூனிட். பரப்பினால் இரண்டு அங்குலம். அதுவும் செம்மண் என்று பெயர்தானே தவிர, பாதி ஏரி மண். அடியில் வீடு கட்டிய மிச்சம், செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும், அப்படியே கிடந்தது. "வேர் பிடிக்க நல்லது சார்" என்றார்! நானும் தலையாட்டினேன்.

புல் கடியத்திலிருந்து வருவதாகச் சொன்னார். ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்திலே இருக்கிற ஊர், நர்சரிக்கே பேர் போனது. அங்கிருந்து தேசிய நெடுஞ்சாலை 16 வழியாக நம் ஊர் தாண்டித்தான் சென்னைக்குப் போக வேண்டும். அதனால் நம்பினேன். பாய் பாயாகச் சுருட்டி வரும் என்று எதிர்பார்த்தால், இரண்டு சாக்குப் பையில் வந்தது. அதைப் பிய்த்துப் பிய்த்து ஒரு சாண் இடைவெளியில் நட்டுவிட்டு, "தானா பரவிக்கும் சார்" என்றார். கொரியன் புல் பரவும்தான், ரொம்ப நிதானமாக. வழுக்கைத் தலையில் முடி நட்டு வைத்த மாதிரி இருந்தது என் தோட்டம்.

காம்பவுண்ட் ஓரமாக ஒரு வரிசை செடி வேறு. "துபாய்ல எல்லாம் இதான் சார்" என்றார். பேர் கோனோகார்பஸ். வேர் குழாய்களைக் கெடுக்கிறது, மகரந்தத்தால் மூச்சுத் தொல்லை என்றெல்லாம் சொல்லி, குஜராத் அரசு 2023 செப்டம்பரில் அதற்குத் தடை போட்டது. 2025-ல் தமிழக அரசும் போட்டது. செடியைப் பிடுங்கக் கூலி நான் கொடுத்தேன்.

அப்புறம் டிசம்பர். மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் கொட்டிய கொட்டில், தோட்டத்துத் தண்ணீர் ரோட்டுக்குப் போகாமல் நேரே ஹாலுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தது. வாட்டம் வைத்ததே வீட்டைப் பார்த்து! "ஏங்க, புல்லு மேல நடக்கணும்னீங்களே, இப்ப நீந்துங்க" என்றாள் மனைவி.

தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் கொரியாக்காரன் பாதி செத்துவிட்டான். மீதி இடமெல்லாம் திமுதிமுவென்று ஒரு பச்சை. "அடடே, பரவிடுச்சு!" என்று நான் துள்ளினேன். நைனா குனிந்து ஒரு தண்டைப் பிடித்து, இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார்.

"மூணு பட்டை இருக்குது. கோரைடா இது. ஏரி மண்ணோட கிழங்கு வந்திருக்குது. மேல வெட்டினா போவாது, அடியில கிழங்குக்குக் கிழங்கு சங்கிலி போட்டு வெச்சிருக்கும்." கொஞ்ச நேரம் கழித்து, "வயல்ல இதைப் புடுங்கிப் போட்டுத்தான் உன்னைப் படிக்க வெச்சேன். நீ துட்டு குடுத்து வாங்கி நட்டிருக்கே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

கன்சல்டன்ட்டுக்கு போன் போட்டால் "தொடர்பு எல்லைக்கு வெளியே". விடக்கூடாதென்று நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டேன். விசாரித்ததில் பல விஷயம் தெரிந்தது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சியாக உதவும். சரி என்று லீவு போட்டுத் திருவள்ளூருக்குக் கிளம்பினேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, லைன் மாறி, மறுபடி மேற்கே போக வேண்டும்! போய் ஒரு வக்கீலிடம் எல்லாவற்றையும் காட்டினேன். "எதிர்க்கட்சி அட்ரஸ்?" என்றார். பச்சைக் கார்டை நீட்டினேன். பேர், போன் நம்பர், ஒரு தென்னை மரப் படம். கீழே "கவரைப்பேட்டை". அவ்வளவுதான். கதவு எண்ணும் இல்லை, தெருவும் இல்லை. நோட்டீஸை யாருக்கு அனுப்ப? தென்னை மரத்துக்கா?

நைனா மட்டும் தினம் காலையில் மணையைப் போட்டு உட்கார்ந்து கோரை பிடுங்கினார். கண் தெரியாது. விரலால் தடவி, மூணு பட்டையா இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுப்பார். உருண்டையாக இருந்தால் விட்டுவிடுவார். ஒருநாள்கூட தப்பாகப் பிடுங்கவில்லை.

பொங்கலன்று, ஆச்சரியம், அவரே போன் பண்ணினார். "ஹேப்பி பொங்கல் சார். அந்த பேலன்ஸ் பதினஞ்சாயிரம்..."

நைனா கையை நீட்டி போனை வாங்கினார். "தம்பி, பணம் ரெடியா இருக்குது. நேர்ல வா. ஒரு மணை போட்டு வெக்கிறேன்." அதற்கப்புறம் அந்த நம்பர் உபயோகத்திலேயே இல்லை.

சித்திரையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில், 1819-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி, நைனாவுக்கு முதல் கண் ஆபரேஷன் ஆனது. பைசா செலவில்லை. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்தவர், கேட்டைத் திறந்து உள்ளே போகாமல் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றி இன்னொரு தரம் பார்த்தார்.

"டேய்... இதுக்காடா முப்பதாயிரம்?"