கவிஞருக்கு ஒரு விருந்து

ஸ்காட்லாந்தில் சனவரி மாதம் இருள் மிகுந்தது. காலை எட்டு மணிக்குப் பிறகே கதிரவன் எழும். மாலை ஐந்து மணிக்குள் மறைந்துவிடும். புத்தாண்டுக் கொண்டாட்டங்களும் ஓய்ந்துபோன அந்தக் கடுங்குளிரில், 25ஆம் நாள் இரவு மட்டும் வீடுகளிலும் மண்டபங்களிலும் விருந்து களைகட்டும். அரசருக்காகவோ போர்வீரருக்காகவோ அல்ல, ஒரு கவிஞருக்காக நடைபெறும் விருந்து அது.

இராபர்ட் பர்ன்ஸ் 1759ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் ஆலோவே என்னும் சிற்றூரில் ஓர் ஏழை உழவரின் மகனாகப் பிறந்தார். ஏர் பிடித்த கையாலேயே கவிதையும் எழுதினார். கற்றவர்கள் ஆங்கிலத்தையே உயர்வாகக் கருதிய காலத்தில், தம் ஊரார் பேசிய ஸ்காட்ஸ் மொழியில் பாடினார். 37 வயதிலேயே காலமானார். 1801இல், அவர் மறைந்த ஐந்தாம் ஆண்டு நினைவு நாளன்று, ஒன்பது பேர் அவர் பிறந்த குடிலில் கூடி உண்டு, அவரை நினைவுகூர்ந்தனர். அச்சிறு கூட்டமே இவ்விருந்தின் தொடக்கம். பின்னர் அது அவருடைய பிறந்தநாளுக்கு மாறியது.

விருந்தின் நாயகன் ஹேகிஸ் என்னும் உணவு. ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றை வேகவைத்துப் பொடியாகக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு, உப்பு ஆகியவற்றுடன் பிசைந்து, ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து வேகவைப்பார்கள். ஆட்டுக்குடல் குழம்பை விரும்பி உண்போருக்கு இது விந்தையாகத் தோன்றாது. உள்ளுறுப்புகள் விரைவில் கெட்டுவிடும்; ஆட்டை அறுத்ததும் அவற்றைச் சமைத்தாக வேண்டும். ஈரமும் குளிரும் மிகுந்த அம்மண்ணில் ஓட்ஸ் நன்றாக விளைந்தது. அதைச் சேர்த்தால் சிறிதளவு இறைச்சியும் பலருடைய பசியைத் தீர்த்தது.

ஏழைகளின் இவ்வுணவைப் போற்றிப் பர்ன்ஸ் 1786இல் ஒரு கவிதை எழுதினார். செல்வர்கள் நாடிய பிரெஞ்சு உணவு வகைகளை அதில் கேலி செய்தார். ஹேகிஸ் உண்டு வளர்ந்த உழவனின் வலிமையைப் புகழ்ந்தார். அக்கவிதைதான் இன்றும் விருந்தின் உச்சக்கட்டம். பேக்பைப் இசைப்பவர் முன்னே நடக்க, சமையற்காரர் ஹேகிஸைத் தட்டில் ஏந்தி வருவார். விருந்தினர் அனைவரும் எழுந்து நிற்பர். ஒருவர் கவிதையை உரக்கச் சொல்வார். கத்தியைப் பற்றிய வரி வந்ததும், கையிலுள்ள கத்தியால் ஹேகிஸைக் கீறுவார். ஆவி பறக்கும், கைத்தட்டல் எழும்.

இக்காட்சி சிறக்க வேண்டுமானால் சமையலறையில் பொறுமை தேவை. தண்ணீர் தளதளவெனக் கொதித்தால் உறை வெடித்துவிடும். பிறகு கீறுவதற்கு எதுவும் இருக்காது. எனவே, சிறு தீயில் நெடுநேரம் சூடாக்குவார்கள். சூடான கலவை வாசிப்பவர் மேல் தெறிக்காமலிருக்க, முன்னதாகவே உறையில் சிறிய கீறல் இடுவோரும் உண்டு.

ஹேகிஸுடன் மசித்த உருளைக்கிழங்கும் மஞ்சள் நிற டர்னிப் கிழங்கும் பரிமாறப்படும். அதற்கு முன் சூடான சூப். இறுதியில் வறுத்த ஓட்ஸ், பாலேடு, தேன், ராஸ்பெரி பழம் கலந்த இனிப்பு. சைவ உணவு உண்போரும் விருந்தில் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. 1984இல் எடின்பரோவில் கவிதை நூலகம் ஒன்றின் திறப்பு விழாவுக்காகப் பருப்பு, காய்கறி, ஓட்ஸ் கொண்டு சைவ ஹேகிஸ் செய்தார்கள். இன்று அது கடைகளிலேயே கிடைக்கிறது.

உண்ட பின் ஒருவர் பர்ன்ஸின் வாழ்வைப் பற்றி உரையாற்றுவார். அடுத்து ஆண்கள் பெண்களைப் பற்றி வேடிக்கையாகப் பேச, பெண்கள் எழுந்து பதிலடி கொடுப்பார்கள். பலர் ஆவலோடு காத்திருப்பது இதற்காகத்தான். கடைசியாக, பழைய நாட்டுப்பாடலைத் தழுவிப் பர்ன்ஸ் 1788இல் எழுதிய 'ஆல்ட் லாங் சைன்' ஒலிக்கும். பல நாடுகளில் புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் பாடப்படும் அதே பாடல்தான் அது. எல்லாரும் வட்டமாக நிற்பர். இறுதிப் பகுதி வந்ததும் கைகளை மார்பின் குறுக்கே மாற்றி, இருபுறமும் நிற்பவர்களின் கைகளைப் பற்றிக்கொண்டு பாடி முடிப்பர்.