கண்ணுக்குள் லென்ஸ் வைத்தவர்களுக்கு இரவில் தெரியும் வளையம்



"டிரஸ்ஸர் ஐயா, கண்ணாடி வேண்டாம்னு எம் மக கண்ணுக்குள்ள லென்ஸ் வச்சுக்கிட்டா. இப்ப ராத்திரியில விளக்கைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுதுங்கிறா. கண்ணு கெட்டுப் போச்சா?" என்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தாயார் ஒருவர் கேட்டார். ரப்பர்த் தோட்டங்கள் தாமான்களாக மாறிய பிறகு, நம் பிள்ளைகளில் பலர் ஈப்போ தொழிற்சாலைகளுக்கு இரவு ஷிப்டில் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார்கள். ஆகவே சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் செய்துகொள்ளும் கண்புரை ஆப்பரேஷன் வேறு, இது வேறு. கண்புரையில், மங்கிப்போன சொந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார்கள். லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் 1949-ல் தொடங்கி வைத்த சிகிச்சை அது. கிட்டப்பார்வைக்கு வைக்கும்போது சொந்த லென்ஸை எடுப்பதில்லை. கண் பாப்பாவைச் சுற்றியுள்ள பழுப்புத் திரைக்குப் பின்னால், சொந்த லென்ஸுக்கு முன்னால், மெல்லிய லென்ஸ் ஒன்றைச் சொருகுகிறார்கள். ஐ.சி.எல். என்று பெயர். அமெரிக்காவில் 2005-ல், 21 முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

வளையம் எப்படி வருகிறது? கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் அதை மறிக்கக்கூடாது. முன்பெல்லாம் இதற்காகப் பழுப்புத் திரையில் லேசரால் ஓட்டை போடுவார்கள். புதிய வகை லென்ஸில் நடுவிலேயே 0.36 மில்லிமீட்டர் துவாரம் இருக்கிறது. லேசர் தொல்லை போயிற்று. ஆனால் வெளிச்சம் அந்தத் துவாரத்தின் ஓரத்தில் பட்டுச் சிதறி வளையமாகத் தெரிகிறது. இன்னொன்று, இருட்டில் பாப்பா விரியும். இள வயதுக்காரர்களுக்கு லென்ஸின் பார்வைப் பகுதியைவிட அகலமாகவே விரியலாம். அப்போது எதிரே வரும் லாரி விளக்கு பூசினாற்போலப் பரவும்.

வலி இல்லை, கண் சிவக்கவில்லை, பகலில் பார்வை தெளிவு என்றால் பயப்பட வேண்டாம். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், மூளை பழகிக்கொள்ளும். சிலருக்கு நிலைத்தும் விடுகிறது. மிகவும் தொந்தரவானால் லென்ஸை எடுத்துவிடலாம். அதுவரை இரவில் மோட்டார் ஓட்டாதீர்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கி, கொஞ்ச நாளைக்குப் பகல் ஷிப்டு கேளுங்கள். சம்பளம் குறையுமே என்பீர்கள். குறையத்தான் செய்யும், தெரியும்.

வேறொரு வளையமும் உண்டு. ஆப்பரேஷன் முடிந்த ஓரிரு நாளில் கண் வலி, தலையிடி, வாந்தி, சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் நிறம் என்றால், உள்ளே நீர் அடைபட்டுக் கண் அழுத்தம் ஏறிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கோளாறு என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஆப்பரேஷன் செய்த இடத்துக்கோ, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ அந்த இரவே போய்விடுங்கள்.

பலர் அறியாத விஷயம் ஒன்று. கண்ணாடி போனதால் கிட்டப்பார்வைக் கண் மாறிவிடவில்லை. அந்தக் கண் நீளமான கண். பின்னாலுள்ள விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லென்ஸ் வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழ வைக்கிறது, அவ்வளவே. பத்து வருஷம் கழித்துக்கூட விழித்திரை கிழியலாம். திடீரென்று மின்னல் வெட்டுவது, கொசுக்கூட்டம் பறப்பது, ஒரு பக்கம் திரை விழுவது — இவை வலிக்காது. வலிக்காததால்தான் ஆட்கள் தாமதிக்கிறார்கள். அன்றைக்கே காட்டினால் பெரும்பாலும் காப்பாற்றலாம். ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை கண் டாக்டரைப் பாருங்கள்.

கொடுத்த சொட்டு மருந்தைச் சொன்ன நாள் வரை மட்டும் விடுங்கள். ஸ்டிராய்டு சொட்டு மருந்தைத் தாமாகத் தொடர்ந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றும். கண்ணைக் கசக்கக் கூடாது. செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மரத்தடிக்குப் போகக் கூடாது. கண்ணில் அடிபட்டால் லென்ஸ் நகர்ந்துவிடக்கூடும். லென்ஸ் விவரம் எழுதிய அட்டையை அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.