மானியத்தில் மலரும் தோட்டங்கள்



ஊரிலுள்ள பள்ளிக்கூடத்திற்கோ மக்தபிற்கோ ஏதேனும் உதவி செய்ய வேண்டுமென்று ஒருவர் விரும்பினால், அவர் மனத்தில் முதலில் எழுவது எது? மின்விசிறி, சுவர்க் கடிகாரம், குடிநீர்த் தொட்டி ஆகியவையே. அவற்றின் மீது கொடுத்தவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். இவை வேண்டாதவை அல்ல. ஆனால், பிள்ளைகளுக்கு ஒரு தோட்டம் அமைத்துக் கொடுப்போம் என்று எண்ணுகின்றவர் மிகச் சிலரே. அந்தச் சிலரும் பெரும்பாலும் ஒரு நாள் விழாவோடு நின்றுவிடுகின்றனர். கன்று நடப்படுகின்றது, படம் எடுக்கப்படுகின்றது, இனிப்பு வழங்கப்படுகின்றது. அடுத்த கோடையில் அங்கே சென்று பாருங்கள். சுற்றி வைத்த முள்வேலி இருக்கும், கன்று இராது.

பணம் போதாமையாலா இந்நிலை? அன்று. கொடுக்கின்ற முறையில் உள்ள குறையே இதற்குக் காரணம். தோட்டத்திற்குக் கொடுப்பது எப்படி என்பதைச் சில நாடுகளின் தோட்டக் கழகங்கள் நெடுங்கால அனுபவத்தில் கற்றிருக்கின்றன. அதனை நாமும் அறிந்துகொள்வது நன்று.

பழைய சொல், பழைய பொருள்

‘மானியம்’ என்றால் உர மானியம், எரிவாயு மானியம் என்று விலைக் குறைப்பையே இன்று நினைக்கின்றோம். ஊர்ப்புறத்துப் பெரியவர்களைக் கேட்டால் வேறொரு பொருள் கூறுவர். பள்ளிவாசலில் விளக்கேற்றவும், கோயிற்பணி செய்யவும், சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவளிக்கவும் விடப்பட்ட நிலமே அவர்கள் அறிந்த மானியம். நிலத்தின் பலனை அனுபவிக்கின்றவர் அந்தப் பணியைச் செய்தாக வேண்டும். கொடையும் கடமையும் அங்கே பிரிக்க முடியாதவை. தோட்டக் கழகங்கள் வழங்கும் நிதியும் இந்தப் பொருளில் அமைந்த மானியமே. ‘இதோ பணம், எடுத்துக்கொள்’ என்று அவை கூறுவதில்லை. ‘இன்ன பணியைச் செய்வதாக ஒப்புக்கொள்; அதற்கு இதோ துணை’ என்றே கூறுகின்றன.

கடல் கடந்த நாடுகளில்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு நகர் உண்டு. அங்கே 1891ஆம் ஆண்டில் பெண்கள் சிலர் ஒரு வீட்டில் கூடித் தோட்டக் கழகம் ஒன்றைத் தொடங்கினர். விதைகளையும் நாற்றுகளையும் தமக்குள் பகிர்ந்துகொள்வதே அவர்களின் முதல் நோக்கம். இத்தகைய கழகங்கள் ஊர்தோறும் பெருகி, 1929இல் தேசியக் கூட்டமைப்பாக இணைந்தன. இன்று அக்கூட்டமைப்பு, ஊர்ப் பொதுத் தோட்டங்களையும் பள்ளித் தோட்டங்களையும் எடுத்துச் செய்கின்ற தன் உறுப்புக் கழகங்களுக்குச் சிறு சிறு மானியங்களை வழங்குகின்றது. தம் வீட்டு முற்றத்திற்கெனக் கூடியவர்களின் வழிவந்தோர், பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நிலம் திருத்திக் கொடுக்கும் அளவிற்கு வளர்ந்தனர்.

அதே நாட்டின் வெர்மான்ட் மாநிலத்தில் 1972இல் தோன்றிய தோட்ட இயக்கத்தின் வழிவந்தது ‘கிட்ஸ்கார்டனிங்’ என்னும் அமைப்பு. சிறுவர் தோட்டங்களுக்கான அதன் மானியத் திட்டம் 1982 முதல் நடந்து வருகின்றது. அதன் நிபந்தனைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: குறைந்தது 15 பிள்ளைகளாவது அத்தோட்டத்தில் பங்கு கொள்ள வேண்டும். ஆசிரியர் ஒருவர் தம் ஆர்வத்தால் வளர்க்கும் நான்கு ரோஜாச் செடிகளுக்கு அங்கே மானியம் இல்லை. பிள்ளைகள் என்ன கற்பர், ஊரார் எவ்வாறு துணை நிற்பர், வரும் ஆண்டுகளில் தோட்டம் எப்படி நீடிக்கும் என்றெல்லாம் விண்ணப்பத்தில் விளக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1804இல் நிறுவப்பட்ட அரச தோட்டக்கலைச் சங்கம், 2007இல் பள்ளித் தோட்ட இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சேரும் பள்ளிகள் ஐந்து படிகளைக் கடந்து முன்னேறுமாறு விருதுகளை அமைத்தது. முதற்படியிலேயே பெருந்தோட்டத்தை எவரும் எதிர்பார்ப்பதில்லை.

நம்மவர் குடும்பங்கள் பல வாழும் சிங்கப்பூரையும் பாருங்கள். அங்குள்ள தேசியப் பூங்காக் கழகம் 2005இல் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், பள்ளிகளிலும், பிற நிறுவனங்களிலும் மக்களே கூடி வளர்க்கும் தோட்டங்களை அத்திட்டம் ஊக்குவிக்கின்றது. நிலமே அரிதான அந்நகரில், சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே பாத்தியில் வெண்டையும் கறிவேப்பிலையும் வளர்க்க இத்திட்டம் வழி செய்திருக்கின்றது.

நம் நாட்டு ஏற்பாடுகள்

நம் நாட்டிற்கும் தோட்டச் சங்கங்கள் புதியவை அல்ல. கல்கத்தாவில் 1820இலும், சென்னையில் 1835இலும் வேளாண் தோட்டக்கலைச் சங்கங்கள் தோன்றிவிட்டன. ஆயினும், பள்ளித் தோட்டத்திற்கு நிதி தரும் பொறுப்பை நம் நாட்டில் பெரும்பாலும் அரசே ஏற்றிருக்கின்றது.

2001-02ஆம் ஆண்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசியப் பசுமைப் படையைத் தொடங்கிப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை அமைத்தது. மன்றங்களுக்கு ஆண்டுதோறும் சிறு தொகையும் வழங்கப்பட்டது. பின்னர் 2018-19இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில், இளைஞர் மன்றத்திற்கும் சுற்றுச்சூழல் மன்றத்திற்குமாகத் தொடக்கப் பள்ளிக்கு ரூ.5,000, நடுநிலைப் பள்ளிக்கு ரூ.15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ரூ.25,000 என்று வரையறுக்கப்பட்டது. 2019 அக்டோபரில் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகள் வெளியாயின. மதிய உணவுத் திட்ட நிதியிலிருந்து ஒரு தோட்டத்திற்கு ரூ.5,000 வரை செலவிடலாம் என்றும், விளைந்த காய்கறிகளைப் பிள்ளைகளின் மதிய உணவிலேயே சேர்க்க வேண்டும் என்றும் அவை கூறின.

நல்ல ஏற்பாடுகளே. ஆனால் இரண்டு செய்திகளை நாம் மறக்கலாகாது. ஒன்று, மேலிருந்து வரும் நிதி குறித்த காலத்தில் வருமென்று உறுதி கூற இயலாது. 2024-25இல் மத்திய, மாநில அரசுகளிடையே எழுந்த கருத்து வேறுபாட்டால் தமிழ்நாட்டிற்குரிய சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தி வைக்கப்பட்டதை நாம் அறிவோம். நிதி காத்திருக்கலாம், ஆடிப்பட்டம் காத்திராது. மற்றொன்று, ரூ.5,000 விதைக்கும் மண்வெட்டிக்கும் உரத்திற்கும் ஆகும். வேலிக்கும் குழாய்க்கும் அது போதாது. ஆடும் மாடும் நுழையும் இடத்தில் வேலியின்றித் தோட்டமில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் ஊரார். அதாவது, நீங்களும் நானும்.

கோடை என்னும் சோதனை

தோட்டம் அழிவது எப்போது? மழைக்காலத்திலும் அன்று, பனிக்காலத்திலும் அன்று. பள்ளிக்குப் பூட்டுப் போடப்படும் மே மாதத்தில்தான். தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் மணலூர்பேட்டையின் கோடையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டபோது கரை கடந்து ஓடிய அதே ஆறு, கோடையில் மணல் வெளியாகக் கிடக்கும். மணற்பாங்கான மண்ணில் ஈரம் தங்காது. இரண்டு நாள் நீரின்றேல் கத்தரிச் செடி தலை சாய்த்துவிடும். ஓராண்டு உழைத்த பிள்ளைகள் ஜூன் மாதத்தில் திரும்பி வந்து காண்பது காய்ந்த சருகுகளையே. அதன்பின் அவர்களை மறுபடியும் மண்வெட்டி எடுக்கச் சொல்வது எளிதன்று.

ஆகவேதான், ‘விடுமுறையில் நீர் ஊற்றுபவர் யார்?’ என்னும் வினாவிற்கு விடை பெறாமல் தோட்டத்திற்குப் பணம் கொடுப்பது வீண் என்கின்றேன்.

நம்மிடம் அவ்வினாவிற்கு ஒரு விடை இருக்கின்றது. அரசுப் பள்ளிகள் மூடியிருக்கும் மே மாதத்தில்தான் நம் மக்தபுகளில் கோடைக்கால வகுப்புகள் நடைபெறுகின்றன. நம் மதரஸாக்களுக்கோ ரமளானை ஒட்டி விடுமுறை. 2025இல் ரமளான் மார்ச் மாதத்தில் அமைந்தது. அப்போது பள்ளிக்கூடங்கள் திறந்திருந்தன. சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவதால், 2017 முதல் 2022 வரை மே மாதத்தைத் தொட்ட ரமளான், மீண்டும் அங்கே வருவதற்கு 2050ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆகும். அதுவரை, அருகருகே உள்ள ஒரு பள்ளிக்கூடமும் ஒரு மக்தபும் ஒரே தோட்டத்தைப் பகிர்ந்துகொண்டால், மே மாதத்தில் அது தாகத்தால் வாடாது. வெவ்வேறு சமயத்துப் பிள்ளைகள் ஒருவர் நட்டதை மற்றவர் காப்பாற்றும் பழக்கமும் அதனால் வளரும்.

நீருக்கும் வழி உண்டு. ஐவேளையும் உளூ செய்யும் நீர் சோப்புக் கலவாமல் சாக்கடையில் கலக்கின்றது. அதனை ஒரு வாய்க்கால் வழியே திருப்பினால் வாழையும் முருங்கையும் கறிவேப்பிலையும் செழிக்கும். வாய் கொப்பளித்த நீராதலால், அதனைக் கீரைப் பாத்திக்கு விடாமல் மரங்களின் வேருக்கு விடுவதே முறை. கீரைக்குக் கிணற்று நீர் கொஞ்சம் போதும்.

கைபர் நிலத்தின் பாடம்

நிபந்தனையோடு கொடுப்பது நமக்கு அயலானதா? உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் சிறந்ததொரு நிலம் கிடைத்தது. அதனை என்ன செய்யலாம் என்று அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மமாக்கும் வழி அவர்களுக்குக் காட்டப்பட்டது. அதன்படி, அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகவும் போகாது. அதன் பலன் ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் விருந்தினர்க்கும் உரியதாயிற்று. நிலத்தைக் கவனிப்பவர் அதிலிருந்து நியாயமான அளவில் உண்ணலாம் என்பதும் அந்த ஏற்பாட்டில் இடம்பெற்றது.

இந்த இறுதி நிபந்தனையைச் சிந்தித்துப் பாருங்கள். கொடையின் மூலத்திலேயே பராமரிப்பவரின் பங்கு எழுதப்பட்டுவிட்டது. நம் காலத்துத் தோட்டங்களில் விடுபட்டுப் போவது இதுவன்றோ? கன்றுக்குப் பணம் ஒதுக்குகின்றோம், காப்பவரை மறந்துவிடுகின்றோம்.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஊரிலுள்ள பிற நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு தோட்டக் குழுவை அமைக்கலாம். பத்துக் குடும்பங்கள் மாதம் ரூ.50 வீதம் எடுத்து வைத்தால், ஆண்டிற்கு ரூ.6,000 சேரும். அத்தொகையை ஆண்டுக்கு ஒரு பள்ளிக்கோ மக்தபிற்கோ மானியமாக அறிவிக்கலாம். விண்ணப்பிப்போர் ஒரே தாளில் ஐந்து வினாக்களுக்கு விடை எழுதட்டும்:

1. இடம் எது? வேலி உண்டா?
2. நீர் எங்கிருந்து வரும்?
3. எத்தனை பிள்ளைகள் பங்கு கொள்வர்? அவர்கள் செய்யும் வேலை என்ன?
4. விளைச்சல் யாருக்குப் போய்ச் சேரும்?
5. மே மாதத்தில் பொறுப்பேற்பவர் யார்?

ஐந்தாம் வினாவிற்கு ஒரு மனிதரின் பெயர் விடையாக வர வேண்டும். ‘அனைவரும் பார்த்துக்கொள்வோம்’ என்பது விடையன்று. அவர் ஏழையாயின், அவருக்குச் சிறு ஊதியமோ விளைச்சலில் ஒரு பங்கோ ஒதுக்க வேண்டும்.

பணத்தை ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். ஜூன் மாதத்தில் பாதியைக் கொடுங்கள், ஆடியில் விதைப்பார்கள். முதல் விளைச்சலைக் கண்ட பின் மீதியைக் கொடுங்கள். அதனைக் கோடைப் பராமரிப்பிற்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். விதை, கன்று, பயிர் ஆலோசனை ஆகியவற்றிற்கு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தை அணுகுங்கள்.

என்ன பயிரிடுவது என்று கேட்பீர்கள். விரைவில் பலன் தருவதையே முதலில் பயிரிட வேண்டும். பிள்ளைகளின் பொறுமை சிறிது. சிறுகீரையை ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வெளியான பி.கே.எம்.1 செடிமுருங்கை, விதைத்த ஆறு மாதத்தில் காய்க்க வல்லது. ஓர் ஓரத்தில் புதினா இருக்கட்டும். நோன்புக் கஞ்சிக்கு ஆகும். ஆற்றோர ஊர்களில் பாத்திகளை மேட்டில் அமைப்பது நல்லது.

கணக்கையும் பிள்ளைகளே எழுதட்டும். எத்தனை கட்டுக் கீரை பறித்தோம், எத்தனை செடி பட்டுப்போனது, ஏன் என்பதை ஒரு நோட்டில் பதியட்டும். அந்நோட்டைக் கொடையாளர் முன் அவர்கள் படித்துக் காட்டும் நாளையே விழா நாளாகக் கொள்ளலாம். கன்று நடும் நாளில் விழா எடுப்பதைவிட அது பொருளுடையது.

இவ்விதழைக் கையில் வைத்திருக்கும் சகோதரியரே, சகோதரரே! உங்கள் தெருவிலுள்ள பள்ளிக்கூடத்தின் பின்புறத்தை ஒரு முறை பார்த்து வாருங்கள். காலி இடம் இருந்தால் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். மக்தபு உஸ்தாதையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முதலில் ஐந்தாம் வினாவைக் கேளுங்கள். அதற்கு ஒரு பெயர் கிடைத்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம்.