எல்லைக் கோடும் உயிரின வரைபடமும்

நிலத்தைப் பகுத்து, அந்தந்த நிலத்திற்குரிய விலங்கு, மரம், பறவை இவையென வகைப்படுத்திக் காணும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. ஐந்திணைக்கும் கருப்பொருள் வகுத்த இலக்கணம் நம்முடையது. இன்று அதே கேள்வியைக் கணினியிடம் கேட்கும் காலம் வந்துள்ளது. ‘இந்தச் சரணாலயத்தின் எல்லைக்குள் வாழும் உயிர்கள் யாவை?’ என வினவினால், இணைய வரைபடம் நொடிப்பொழுதில் ஒரு பட்டியலை நீட்டுகிறது. அப்பட்டியல் எவ்வாறு உருவாகிறது, அதனை எந்த அளவிற்கு நம்பலாம் என்பதை ஈண்டுக் காண்போம்.

பதிவு என்பது யாது?

ஓர் உயிரினத்தை இன்னார், இன்ன நாளில், இன்ன இடத்தில் கண்டார் என்னும் குறிப்பே பதிவு எனப்படும். இடம் என்பது அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய இரண்டு எண்களாகக் குறிக்கப்படும். 2001ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டு, கோபன்ஹேகன் நகரில் செயலகம் கொண்டுள்ள ஜி.பி.ஐ.எஃப். என்னும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு, இத்தகைய பதிவுகளை 200 கோடிக்கும் மேலாகத் திரட்டி வைத்துள்ளது. அருங்காட்சியகங்களின் பழைய மாதிரிகளும், 2002இல் தொடங்கிய ஈபேர்ட், 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பொதுமக்கள் சேர்க்கும் குறிப்புகளும் அதில் அடங்கும்.

மற்றொரு புறம், காப்பிடங்களின் எல்லைகளும் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. உலகக் காப்பிடங்களின் தரவுத்தளம் 1981இல் உருவாயிற்று. அதில் பல காப்பிடங்களுக்கு முழுமையான எல்லைக் கோடு உண்டு. சிலவற்றிற்கு ஒரு புள்ளி மட்டுமே உண்டு.

கணினி தேடும் முறை

எல்லைக் கோடு என்பது கணினிக்குப் பல மூலைகளைக் கொண்ட ஓர் உருவம். அம்மூலைகளை வரிசையாகக் கொடுக்க வேண்டும்; ஜி.பி.ஐ.எஃப். தளத்தில் இடஞ்சுழியாகவே கொடுத்தல் வேண்டும். வலஞ்சுழியாகக் கொடுத்தால் எல்லைக்கு வெளியே உள்ள உலகம் முழுவதையும் குறிப்பதாகப் பொருள்பட்டுவிடும்.

ஒரு புள்ளி எல்லைக்குள் இருக்கிறதா என்பதைக் கணினி அறியும் முறை எளிமையானது. அப்புள்ளியிலிருந்து ஒரு திசையில் நேர்கோடு ஒன்று இழுக்கப்படும். அக்கோடு எல்லையை எத்தனை முறை கடக்கிறது என எண்ணப்படும். ஒற்றைப்படையாயின் புள்ளி உள்ளே, இரட்டைப்படையாயின் வெளியே. தோட்டத்திற்குள் நிற்பவன் நேராக நடந்து வெளியேறினால் வேலியை ஒரு முறையோ மூன்று முறையோ தாண்டுவான். வெளியே நிற்பவன் தாண்டாமலே போவான், அல்லது உள்ளே புகுந்து மீண்டும் வெளியேறுவான். இவ்வளவே இதன் தத்துவம்.

கணக்கில் பிழை நேர்வதில்லை. ஆயினும் விடை பிழைபடக் கூடும். அஃது எவ்வாறு என்பதைக் கோடிக்கரையைக் கொண்டு விளக்குவோம்.

கோடிக்கரை காட்டும் பாடம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடலும் பாக் நீரிணையும் கூடும் முனையில் அமைந்துள்ளது கோடிக்கரை. வெளிமான்களைக் காக்கும் நோக்குடன் 1967இல் இங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டு முதன்மை வாய்ந்த ஈரநிலமாகக் கோடிக்கரை அறிவிக்கப்பட்டபோது, வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து 385 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. 2013இல் சதுப்புநிலப் பகுதிகள் வேறு தொகுதிகளாகச் சரணாலயமாக்கப்பட்டன.

ஆக, ‘கோடிக்கரை’ என்னும் ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் உள்ளன. 1967ஆம் ஆண்டின் எல்லையைக் கொண்டு தேடுவோர்க்கு வெளிமான் கிடைக்கும். சதுப்பிலும் உப்பளங்களிலும் இரை தேடும் பூநாரைக் கூட்டங்களுள் பெரும்பகுதி விடுபட்டுப் போகும். ராம்சார் எல்லையைக் கொண்டு தேடினால் அவை பட்டியலில் ஏறும். எந்த ஆண்டின் எந்த எல்லை எனக் கேளாமல் பட்டியலைப் படிப்பது, எந்த ஊர்க் கிணறு எனக் கேளாமல் ஆழத்தைச் சொல்வது போன்றதாகும்.

இரண்டாவது இடர், மறைக்கப்பட்ட இடங்களால் வருவது. அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களை வேட்டையாடுவோர் தேடிச் செல்லாதிருக்க, ஐநேச்சுரலிஸ்ட் தளம் அவற்றின் உண்மையான இடத்தை வெளியிடுவதில்லை. 0.2 பாகை அளவுள்ள ஒரு கட்டத்திற்குள் ஏதேனும் ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். கோடிக்கரை அமைந்துள்ள அகலாங்கில் அக்கட்டம் பக்கத்திற்குச் சுமார் 22 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 480 சதுர கிலோமீட்டர். 1967ஆம் ஆண்டுச் சரணாலயத்தைப் போல் அது 28 மடங்கு! காட்டில் கண்ட உயிர் கடலில் புள்ளியாகத் தோன்றலாம். வெளியே கண்டது உள்ளே தோன்றலாம். எனவே பதிவுடன் தரப்படும் ‘இடப் பிழையளவு’ என்னும் எண்ணையும் படித்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, நடந்து கொண்டே எழுதப்பட்ட பட்டியல். ஈபேர்ட் தளத்தில் ஒருவர் மூன்று கிலோமீட்டர் நடந்து கண்ட பறவைகள் அனைத்தும் ஒரே புள்ளியில் பதிவாகும். அந்நடை எல்லையைக் கடந்திருந்தால், எப்பறவை எப்பக்கத்தது என அப்புள்ளி சொல்லாது.

வெற்றிடம் வெறுமையன்று

இவையனைத்திலும் பெரிய இடர் ஒன்றுண்டு. வரைபடத்தில் புள்ளி இல்லாத இடத்தில் உயிர் இல்லை என எண்ணிவிடுவதே அது. வரைபடம் காட்டுவது உயிர்கள் வாழும் இடத்தையன்று. மனிதர் சென்று, கண்டு, எழுதிய இடத்தையே. சாலையோரமும் பார்வைக் கோபுரமும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். சேறு நிறைந்த உட்பகுதி வெறுமையாய்க் கிடக்கும். ஜி.பி.ஐ.எஃப். பதிவுகளுள் பாதிக்கு மேற்பட்டவை பறவைகளைப் பற்றியவை. புல்லும் நத்தையும் சிலந்தியும் எழுதுவாரின்றி நிற்கின்றன. வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருவன. கோடையில் மட்டும் எழுதிய பட்டியலில் அவை இரா. டாக்டர் சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரும் இம்முனையில் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்ந்த காலத்தில் இணையம் இல்லை. கணினிக்கு முற்பட்ட குறிப்பேடுகள் எல்லாம் வரைபடத்தில் ஏறிவிட்டன எனக் கொள்வதற்கில்லை.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. ஒரு சாலையோ தொழிற்சாலையோ வரவிருக்கும் இடத்தில், எல்லையைத் தட்டித் தேடி, ‘இங்கு அரிய உயிர் எதுவும் பதிவாகவில்லை’ என ஒருவர் அறிக்கை எழுதிவிடலாம். அவ்வரி உண்மையாகவே இருக்கும். ஆயினும் ‘பதிவாகவில்லை’ என்பதை ‘இல்லை’ எனப் படிப்போரால் ஒரு சதுப்பு என்றைக்குமாக மறைந்துபோகக் கூடும். காப்பிடத்தின் விளிம்பில் மீன்பிடித்தும் உப்பெடுத்தும் வாழ்வோர் நாள்தோறும் காணும் உயிர்கள் ஒருவரும் எழுதாமையால் மட்டுமே இல்லாதனவாகிவிடும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே தேடும்போது நான்கினை மனங்கொள்ளுதல் நலம். எல்லை எந்த ஆண்டினது என அறிதல், இடப் பிழையளவு காப்பிடத்தின் அளவினும் மிகுந்த பதிவுகளைத் தனியே பிரித்தல், மாதவாரியாகப் பார்த்தல், யாரும் சென்று பாராத பகுதி எது எனக் குறித்தல். இந்நான்காவதே மாணவர்க்குரிய பணி. நம் ஊர் ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது நின்று, கண்டதைக் கண்டவாறு, நாளும் இடமும் பிழையின்றி எழுதினால், வரைபடத்தின் ஒரு வெற்றிடம் நிரம்பும்.

நிலத்தைத் திணைகளாகப் பகுத்த நம் முன்னோர், கருப்பொருள்கள் ஒரு நிலத்திலிருந்து மற்றொரு நிலத்திற்கு மயங்கி வருதலும் உண்டு என இலக்கணத்திலேயே இடமளித்தனர். எல்லையை வகுத்த அறிவே அதனைக் கடக்கும் பறவைக்கும் வழிவிட்டது. கணினியின் எல்லைக் கோட்டைக் கையாளும் நாமும் அத்தெளிவினைக் கைக்கொள்வோமாக.